தகர மனிதன் போட்ட முகங்கள்

அறுபதுகளில் செஞ்சிக் கடைவீதியில் தொங்கிய பெயர்ப்பலகைகளில் பாதிக்கு மேல் கன்னியப்பன் எழுதியவை. ஜவுளிக்கடை, சோடாக் கம்பெனி, வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டி, சைக்கிள் கடை, எல்லாம் அவர் கைதான். எழுத்து நெட்டுக்குத்தாக நிற்கும். ஐப்பசி மழையில் ஊறினாலும் சாயம் ஓடாது. ஆனால் அந்த மனுசனுக்கு எழுத்தில் பெரிய ஆசை கிடையாது. எழுத்து சோறு போட்டது, அவ்வளவுதான். அவருடைய ஆசையெல்லாம் மூஞ்சியில்.

மூஞ்சி என்றால் மனுச மூஞ்சி. ஒரு துண்டுக் கரியும் ஒரு தாளும் கையில் இருந்தால் போதும், எதிரில் இருக்கிற ஆளை அப்படியே இறக்கிவிடுவார். வாலிபத்தில் திண்டிவனத்தில் விளம்பரப் பலகை எழுதுகிற இடத்தில் சாயம் கலக்கப் போனார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்கள் துண்டை விரித்துத் தூங்குவார்கள். இவர் தூங்கமாட்டார். தூங்குகிறவர்களை வரைவார். தூங்குகிற ஆளுக்குத் தன்னை ஒருத்தன் உற்றுப் பார்க்கிறான் என்று தெரியாது. அது அவருக்குத் தோதாக இருந்தது.

ஏன் தோதென்றால், அவர் தளவானூர்ப் பக்கம் பண்ணையில் மாடு ஓட்டி வளர்ந்த பிள்ளை. நிலத்துக்காரர் பேசும்போது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டால், "இன்னாடா மொறைக்கிற?" என்று முதுகில் ஒன்று விழும். அதனால் பிள்ளை பக்கவாட்டில் பார்க்கக் கற்றுக்கொண்டது. காது, தாடை, பிடரி. மற்றவர்கள் படம் போட்டால் மூக்கிலோ கண்ணிலோ தொடங்குவார்கள். கன்னியப்பன் காதில் தொடங்குவார். காது நின்றுவிட்டால் தாடை தானாக இறங்கும், தாடையைப் பிடித்து வாய்க்கு வருவார். கண்ணைக் கடைசியில்தான் போடுவார், அதுவும் அவசரமாக. அவர் படங்களில் ஆளை எல்லோருக்கும் அடையாளம் தெரியும். ஆனால் படத்திலுள்ள கண் நம்மைப் பார்க்காது, நமக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி எங்கேயோ பார்க்கும்.

செஞ்சியில் வந்து குடியேறி, பவுனம்மாளைக் கட்டி, ஊருக்கு வெளியே காலனியில் ஒரு கூரை வீடும் போட்டாயிற்று. படம் போடும் வேலையும் வரத்தான் செய்தது. எப்படிப்பட்ட வேலை? செத்துப்போனவர்களின் சின்ன போட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நின்று கொடுப்பார்கள். பெரிதாக்கித் தர வேண்டும். உயிரோடு இருக்கிறவர்கள் யாரும் அவர் எதிரில் உட்காரமாட்டார்கள். உட்கார்ந்தால் அவர் இவர்கள் வீட்டுக்குள்ளே வர வேண்டும், இல்லை அவர் வீட்டுக்கு இவர்கள் போக வேண்டும். இரண்டும் நடக்காத காரியம்.

இன்னொன்றும் நடக்காது. படத்தின் கீழ் மூலையில் அவர் பொடி எழுத்தில் 'கன்னியப்பன், செஞ்சி' என்று போடுவார். படத்தை வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்கமாட்டார்கள், நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். "படம் பிரமாதம்பா. இந்தப் பேரு மட்டும் வேணாம். சாமி மாடத்துக்குப் பக்கத்துல மாட்டறது, பாரு." தோளில் கிடக்கும் துணியை எடுத்துக் கன்னியப்பனே துடைத்துவிடுவார். மல்லாட்டை மண்டி அப்பாண்டைராஜ் நயினார்கூட, தன் தகப்பனார் படத்துக்கு அப்படித்தான் துடைக்கச் சொன்னார். நயினார் கெட்ட மனுசன் இல்லை. வேலைக்குக் கூலி கேட்டதற்கு மேல் கொடுப்பவர்.

தன் பேரோடு தன் படம் ஒன்று ஒரு வீட்டுக்குள் தொங்க வேண்டும். கன்னியப்பனுக்கு இருந்தது இந்த ஒரு ஆசைதான். சொன்னால் சிரிப்பார்கள் என்று பவுனம்மாளைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. பவுனம்மாளும் சிரித்தாள் என்பது வேறு விஷயம்.

அறுபத்து மூன்றாம் வருசம் சித்திரையில், கமலக்கண்ணியம்மன் திருவிழாவுக்குக் கூடாரம் போட வந்தவர்களில் பெரியதம்பி என்று ஒருவர். ஊர் ஊராகத் திரிந்து வேடிக்கை காட்டுகிறவர். வாயைத் திறந்தால் மூட மாட்டார். ஒரு மாட்டுவண்டி நிறைய சாமான் கொண்டுவந்திருந்தார். அதில் பெரிய சாமான் ஒரு தகர மனிதன். ஆள் உயரத்தில் பாதி, உட்கார்ந்த நிலை, வெள்ளிச் சாயம், கண்ணுக்குப் பதில் இரண்டு பல்பு. லாரி பாட்டரியில் எரியும். அதன் எதிரில் சாய்வாக ஒரு பலகை, அடியில் பெரிய மரப்பெட்டி. வெள்ளிச் சாயம் உரிந்து கிடந்ததால் பூசித் தரக் கன்னியப்பனைக் கூப்பிட்டார்.

பூசிக்கொண்டிருக்கும்போது கன்னியப்பன் பெட்டியின் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டார். உள்ளே ஒரு ஆள் குந்துகிற இடம். மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, பொம்மையின் தோள்வரை ஏற்றியிருந்தது. கீழே கரிக்கட்டியை ஒரு விரற்கடை நகர்த்தினால் மேலே கரி பிடித்த தகரக் கை இரண்டு விரற்கடை நகரும். காலடியில் ஒரு மிதி. மிதித்தால் கடகடவென்று பல்சக்கரம் சத்தம் போடும், சத்தத்தைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. பொம்மையின் நெஞ்சில் கறுப்பு வலை. உள்ளே இருப்பவன் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவனுக்கு இருட்டுதான் தெரியும்.

பெரியதம்பி பின்னால் வந்து நின்றார். கோபப்படவில்லை.

"பாத்துட்டியா? சரி. இதுக்குள்ள குந்தினு இருந்தவன் திருவண்ணாமலைல ஒருத்திய இட்டுகினு ஓடிட்டான். நீ படம் போடுவியாமே?"

"போடுவேன் மொதலாளி."

"ஊரு பூரா இது மூளை மிஷினு, ஜெர்மனிலேந்து வந்துச்சுன்னு சொல்லிட்டேன். நாளைக்குக் கூட்டம் வந்தா நான் தகரத்த வெச்சி இன்னா பண்றது? உள்ள பூந்துக்கோ. தும்மக்கூடாது, இருமக்கூடாது. படத்துக்குக் கீழ பேரும் போடக்கூடாது. மிஷினுக்கு ஏது பேரு? நான் முத்திரை குத்திக்கறேன்."

வீட்டில் சொன்னதும் பவுனம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"பெட்டிக்குள்ள பூந்துக்கறதுக்கா இவ்ளோ காலம் கை பழகின?"

"உசுரோட இருக்கற மூஞ்சி பவுனு. வரிசையா வந்து உக்காருவாங்க."

"பொம்மைக்கு முன்னால உக்காருவாங்க. ஒனக்கு முன்னால இல்ல."

"எனக்குத் தெரியும்ல, நான்தான்னு?"

"ஒனக்குத் தெரிஞ்சி இன்னாய்யா பண்றது? ஊருக்குத் தெரியணும்."

ஆனாலும் போனார்.

கோட்டைக்குப் போகும் பாதையோரம், குடைராட்டினத்துக்குப் பக்கத்தில் கூடாரம். முதல் நாள் முன்னால் வந்து உட்கார்ந்தவர் டீக்கடை வீராசாமி. கன்னியப்பனுக்குத் தினமும் டீ ஊற்றுகிறவர். கடைக்கு வெளியே, தனி கிளாசில். பெரியதம்பி தொண்டையைத் திறந்தார்.

"வாங்க, வாங்க! மனுசன் படம் போட்டா காசுக்குத் தக்க மூக்கு! இது மூளை மிஷினு! இதுக்குப் பணக்காரன் தெரியாது, ஏழை தெரியாது, சாதி தெரியாது! உள்ளத உள்ளபடி போடும்! ஆடாம உக்காருங்கய்யா, அது ஒங்கள யோசிக்குது!"

பல்பு எரிந்தது. பல்சக்கரம் கடகடத்தது. பெட்டிக்குள் வெக்கை அடுப்படி மாதிரி. கன்னியப்பன் வலை வழியாகப் பார்த்தார். வீராசாமி நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பொம்மையைத்தான் பார்த்தார், ஆனால் பார்வை வந்து இறங்கியது கன்னியப்பன் கண்ணில். அவருக்குச் சட்டென்று தலை குனிந்துவிட்டது. பழக்கம். அப்புறம்தான் தோன்றியது, எதுக்குக் குனியணும்? அவனுக்கு நான் தெரியவா போறேன்?

நிமிர்ந்தார். பார்த்தார். வீராசாமிக்கு வலது கண் இடது கண்ணைவிடக் கொஞ்சம் சின்னது. புருவத்துக்கு மேலே ஒரு பழைய தழும்பு. கீழ் இமையில் ஒரு களைப்பு, விடியலில் பாய்லர் பற்றவைக்கிறவனுடைய களைப்பு. இத்தனை வருசம் அவர் கடையில் டீ குடித்தும் இதெல்லாம் இவருக்குத் தெரியாது. கை வழக்கம்போல் காதில் தொடங்கியது. ஆனால் அன்றைக்குத் தாடைக்கு இறங்கவில்லை, நேராகக் கண்ணுக்குப் போனது.

தாளைக் கையில் வாங்கிய வீராசாமி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னியப் பாக்குதுய்யா," என்றார் கடைசியில்.

அவ்வளவுதான், கூட்டம் நெரிந்தது. தேர் பார்க்க வந்தவர்கள் தேரை விட்டுவிட்டு மிஷினைப் பார்க்க வந்தார்கள். கன்னியப்பனை வாசலில் நிறுத்திப் பேசியவர்கள், பேரைத் துடைக்கச் சொன்னவர்கள், ஒவ்வொருத்தராக வந்து எதிரில் உட்கார்ந்து முகத்தைக் கொடுத்தார்கள். சட்டையைச் சரி செய்துகொண்டு, மீசையை நீவிக்கொண்டு, பிள்ளைகள் மாதிரி. படத்தை இரண்டு கையாலும் வாங்கினார்கள். ஒரு ஊர்ப் பெரியவர் தன் கன்னத்து மருவைப் படத்தில் பார்த்துவிட்டுப் பெருமைப்பட்டார். "மிஷினு பொய் சொல்லாதில்ல!" இதே மருவைக் கன்னியப்பன் போட்டிருந்தால் தாளைக் கிழித்திருப்பார்.

பூக்கடை ரத்தினம்மாள் இன்னும் ஒரு படி மேலே போனாள். படம் வாங்கிய கையோடு, தகர மனிதனுக்குக் கதம்பம் சாத்தி, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்து, கற்பூரம் ஏற்றிக் காட்டினாள். புகை நெஞ்சு வலை வழியாக உள்ளே இறங்கியது. கன்னியப்பன் துணியை வாயில் திணித்துப் பார்த்தார். முடியவில்லை. பெட்டி அதிர இருமினார்.

கூட்டம் பின்னால் சாய்ந்தது.

"இருமுது! மிஷினு இருமுதுடோய்!"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல!" பெரியதம்பி கைகளை ஆட்டினார். "ஜெர்மன் மிஷினு! கற்பூரம் ஒத்துக்காது! கொஞ்சம் தண்ணி காட்டினா சரியாப் பூடும்!" என்று பொம்மையின் தலையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். அது முழுக்கக் கன்னியப்பன் கழுத்தில் இறங்கியது. அந்த வெக்கைக்கு அது சுகமாகத்தான் இருந்தது.

அப்பாண்டைராஜ் நயினாரும் வந்து உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, சந்தனப்பொட்டு, அகலமான நெற்றி. கன்னியப்பன் அந்த முகத்தோடு நெடுநேரம் இருந்தார். கண்ணில் ஒரு பயம் இருந்தது. மண்டி முதலாளிக்கு இன்னா பயம்? தெரியவில்லை. தெரிந்ததைப் போட்டார்.

இரண்டு நாள் கழித்து, காலையில் பெட்டிக்குள் போவதற்கு முன்பு, நயினார் ஆளனுப்பி மண்டிக்குக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் அந்தப் படம் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. கீழே 'மின்சார மனிதன்' என்று பெரியதம்பியின் ரப்பர் முத்திரை.

"வா கன்னியப்பா. இந்தச் சட்டத்துக்கு ஓரமா தங்கக் கலர்ல ஒரு கோடு இழுக்கணும். படத்தப் பாத்தியா?"

"பாத்தேன் நயினாரே."

"கண்ணப் பாரு, கண்ணு! நான் எங்க நின்னாலும் என்னியவே பாக்குது. நீயும் நல்லா போடுவ, இல்லன்னு சொல்லல. நைனா படம் நீ போட்டதுதான. ஆனா நீ போட்டா கண்ணு எங்கியோ பாக்கும். மனுசன் கைக்கு இது வராதுப்பா."

"வராதுங்க," என்றார் கன்னியப்பன். வேறென்ன சொல்வார்? தங்கக் கோட்டை இழுத்தார். தான் போட்ட படத்துக்குத் தானே ஓரம் கட்டினார். கோடு நேராகத்தான் வந்தது. ஆனால் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்குச் சாப்பிடும்போது பவுனம்மாளிடம் சொன்னார்.

"பெட்டிக்குள்ள இருக்கறவன் என்னியவிட நல்லா போடறான் பவுனு."

"அப்ப நான் அவனையே கட்டிக்கறேன்."

"வெளையாடாத. நெசமாத்தான் சொல்றேன். நயினாரு சொன்னது சரி. வெளிய எனக்கு அந்தக் கண்ணு வராது. உள்ள வருது. அப்ப அது நானா, அந்தத் தகரமா?"

பவுனம்மாள் குழம்பை ஊற்றிவிட்டு அவரைப் பார்த்தாள். கிண்டல் போய்விட்டது.

"தகரத்துக்கு வேர்க்குதா? ஒன் சட்டைய நான்தான தொவைக்கறேன்?" என்றாள்.

திருவிழா முடிகிற சமயம். மறுநாள் பெரியதம்பி கூடாரத்தைப் பிரித்துவிடுவார். சாயங்கால வெயில் ராஜகிரி மலை மேல் சாய்ந்திருந்தது, கூட்டம் குறையவில்லை. வரிசையில் பவுனம்மாள் நின்றாள். காசை முந்தானையில் முடிந்துகொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு. வருவதாக அவரிடம் அவள் சொல்லவில்லை. அவள் முறை வந்து நாற்காலியைத் தொட்டதும், பின்னால் முணுமுணுப்பு.

"காலனிப் பொம்பள உக்காந்த நாற்காலில அப்புறம் நாம எப்படிய்யா உக்காரறது?"

பெரியதம்பி கூட்டத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வியாபாரி. எந்தப் பக்கம் கூட்டம் என்று கணக்குப் போட்டார்.

"அம்மாடி, மிஷினு சூடாயிடுச்சி. நாளைக்கு வா."

"நாளைக்கு நீ இருக்கமாட்டியே. சாதி தெரியாத மிஷினுன்னு தொண்ட கிழியக் கத்தினது நீதான? மிஷினுக்குத் தெரியாது, ஒனக்குத் தெரியுமாக்கும்?"

"சூடாயிடுச்சின்னு சொல்றேன்ல? ஓடாது!"

உள்ளே கன்னியப்பனுக்கு எல்லாம் கேட்டது. அவர் மிதியை மிதித்தார்.

பல்சக்கரம் கடகடத்தது. தகரக் கை தானாக எழுந்தது. பெரியதம்பி பெட்டியை உதைத்தார். கை நிற்கவில்லை, காற்றில் அப்படியே காத்திருந்தது. பவுனம்மாள் முந்தானையைச் சரி செய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் எதிர்க்கவில்லை. மனுசன் கூப்பிட்டிருந்தால் எதிர்த்திருப்பார்கள். மிஷினே கூப்பிட்டால் என்ன செய்வது?

வலைக்கு அந்தப் பக்கம் அவள் முகம். அவர் அதுவரை அவளையும் நேராக உட்கார்ந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மூக்குத்தி கொஞ்சம் சாய்ந்திருக்கும் என்று தெரியாது. மேலுதட்டில் வேர்வை. கண்ணில் ஒரு முரட்டுத்தனம், அதற்குப் பின்னால் சிரிப்பு. உள்ளே யார் என்று தெரிந்து பார்க்கிற ஒரே ஆள் அவள்தான். அவர் நிதானமாகப் போட்டார். போட்டு முடித்ததும் கையை எடுக்கவில்லை. தகரக் கை தாளின் கீழ் மூலைக்கு இறங்கி, பொம்மைக்குத் தக்க கோணல் எழுத்தில் எழுதியது: கன்னியப்பன், செஞ்சி.

எழுத்துக் கூட்டிப் படித்தவர் வீராசாமி. "கன்னியப்பன்! செஞ்சி!" என்று கத்தினார். கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது. கைதட்டல், விசில். குடைராட்டினத்துக் கொட்டுச் சத்தத்துக்கு நடுவில் கன்னியப்பன் காதில் விழுந்தது அவர் பேர் மட்டும்தான். ஊர் வாயில் அவர் பேர். தெரிந்துவிட்டது, தெரிந்தும் கைதட்டுகிறார்கள் என்று நினைத்தார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெளியே நடந்தது வேறு. நம் பக்கத்துப் பெண்பிள்ளைகள் புருசன் பேரை வாயால் சொல்லமாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வார்கள். கூட்டம் என்ன நினைத்தது என்றால், அவள் வாயைத் திறக்காமலே மிஷின் அவள் மனசுக்குள் பூந்து புருசன் பேரைக் கண்டுபிடித்துவிட்டது! இந்த அதிசயத்துக்குத்தான் அத்தனை ஆர்ப்பாட்டம். பவுனம்மாள், "அடச்சீ, அது இல்ல..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். யார் கேட்டார்கள்? அவளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

முன்னால் வந்தவர் அப்பாண்டைராஜ் நயினார். கூடவே அவர் சம்சாரம் ஜெயமாலா.

"பெரியதம்பி, இவங்களப் போடச் சொல்லு. பேரும் எழுதணும். எழுதுதா பாக்கலாம்!"

உள்ளே இருப்பவன் எழுதியது தன் பேரை என்று பெரியதம்பிக்குப் புரிந்துவிட்டது. பெட்டிப் பக்கம் குனிந்து எச்சரிக்கப் பார்த்தார். நயினார் அவர் தோளில் கை போட்டு நிறுத்திக்கொண்டார். ஜெயமாலா நாற்காலியில் உட்கார்ந்தார். முணுமுணுத்தவர்கள் அந்த நாற்காலியை மறந்தே போனார்கள்.

கன்னியப்பன் ஒரு பக்கத்து முகத்தை முடித்தார். ஒரு கண் வந்துவிட்டது. பேரும் எழுதணும் என்று நயினாரே கேட்டுவிட்டார், மனசு நிற்கவில்லை. பேர் போட்ட சுகம் இன்னும் விரலில் இருந்தது. முகம் முடியும் வரை பொறுக்கமாட்டாமல் கை கீழே இறங்கிவிட்டது. இறங்கி எழுதியது: கன்னியப்பன், செஞ்சி.

இந்தத் தடவை கைதட்டல் இல்லை. பின்வரிசையில் ஒருத்தன் சிரித்தான். இன்னொருத்தன் ஊளையிட்டான்.

"இன்னாடா இது, ரெண்டு பேருக்கும் ஒரே புருசனா?"

"மிஷினு பொய் சொல்லாதுன்னாங்களே!"

நயினார் முகம் செத்துப்போயிற்று. ஜெயமாலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. வலை வழியாகக் கன்னியப்பன் அந்த அம்மாள் கண்ணைப் பார்த்தார். ஊளைச் சத்தத்தையும் கேட்டார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கைதட்டல் எதற்கு என்று புரிந்தது, இப்போது நடப்பது என்ன என்றும் புரிந்தது. உள்ளேயே இருந்துவிடலாம். பெரியதம்பி ஏதாவது சொல்லிச் சமாளிப்பார், இருட்டியதும் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் ஒரு நல்ல பொம்பிளை ஊர் வாயில் விழுந்துவிடுவாள். எழுதிய பேர் அவருடையது.

பின்கதவை உதைத்துத் திறந்துகொண்டு வெளியே வந்தார். பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது, கையும் மூஞ்சியும் கரி.

"அது புருசன் பேரு இல்ல! படத்தப் போட்டவன் பேரு. எம் பேரு. ரெண்டு படமும் நான்தான் போட்டேன். அந்தம்மாவ யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

"அப்ப மிஷினு?" என்றார் வீராசாமி.

"மிஷினு இன்னா மிஷினு? தகரம்."

பெரியதம்பி விடவில்லை. "பாருங்கய்யா அநியாயத்த! நல்லா ஓடிகினு இருந்த மிஷினுக்குள்ள இவன் பூந்து கெடுத்துட்டான்!" அதையும் நம்பினவர்கள் இருந்தார்கள். "ஆமாய்யா, கற்பூரம் காட்டினப்பவே இருமிச்சே, அப்ப பூந்திருப்பான்" என்றது ஒரு குரல். சிலர் காசைத் திருப்பிக் கேட்டுப் பெரியதம்பியைச் சூழ்ந்தார்கள். வீட்டில் மாட்டியிருந்த படத்தை மறுநாள் கழற்றிக் கொண்டுவந்து காலனி முனையில் போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. அதே மூக்கு, அதே கண், அதே மரு. நேற்று இருந்த படம்தான்.

கூடாரத்தில், காசு கேட்கிற கூச்சலுக்கு நடுவில் அப்பாண்டைராஜ் கன்னியப்பன் எதிரில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"கன்னியப்பா, நடந்தது நடந்துபோச்சி. பேர அழி."

கன்னியப்பன் கை தோளில் கிடந்த துணிக்குப் போய்விட்டது. எத்தனையோ தடவை போன கை. துணியைத் தொட்டதும் நின்றது.

"அழிக்கலாம் நயினாரே. பேர அழிச்சா படத்தையும் அழிச்சிடறேன். ரெண்டும் ஒரு கைதான் எழுதிச்சி."

"இன்னா பேச்சு பேசற?"

"நெசத்தச் சொல்றேன்."

பவுனம்மாள் அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். பேசாமல் அவள் நின்றது அதிசயம்.

"இன்னாங்க, நீங்க செத்த சும்மா இருங்க" என்றது ஒரு குரல். ஜெயமாலா. இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முந்தானையை இறக்கிவிட்டிருந்தார், முகம் சிவந்திருந்தது. கன்னியப்பனைப் பார்த்துக் கேட்டார்.

"எங்க மாமனாரு படம் நீதான போட்டது?"

"ஆமாம்மா."

"மண்டில கல்லாவுக்கு மேல தொங்குதே, இவரு படம்?"

"அதுவும்தாம்மா."

ஜெயமாலா புருசன் பக்கம் திரும்பினார். "கண்ணப் பாரு, கண்ணப் பாருன்னு வர்றவங்க போறவங்களையெல்லாம் கூப்ட்டுக் காட்டினீங்களே!"

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பில் விஷம் இல்லை. நயினார் காதுவரை சிவந்தார்.

"பேரு இருந்தா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க ஜெயமாலா?"

"போட்டவன் பேருன்னு நெனப்பாங்க. நெனைக்கலன்னா நான் சொல்றேன்." பிறகு கன்னியப்பனிடம், "ஒரு கண்ணோட நான் எப்படி வூட்டுக்குப் போறது? உக்காந்து முடிச்சிக் குடு."

"பேரும்மா?"

"மொதல்ல மூஞ்சிய முடிப்பா. பேரு அது எடத்துல இருக்கட்டும்."

கன்னியப்பன் தாளைத் தகர மனிதன் பலகையிலிருந்து எடுத்தார். கவிழ்ந்து கிடந்த ஒரு கூடையை இழுத்துப் போட்டு, நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்தார். வலை இல்லை. சுற்றிலும் ஊர். எதிரில் ஒரு மண்டி முதலாளியின் சம்சாரம், அவரை நேராகப் பார்த்துக்கொண்டு. கரியைப் பிடித்த விரல் வழுக்கியது. பார்வை கீழே போகப் பார்த்தது. அதை இழுத்து மேலே கொண்டுவருவது, பாரவண்டியை மேட்டில் ஏற்றுகிற மாதிரி இருந்தது. ஏற்றினார். பார்த்தார். அந்த அம்மாள் கண்ணைச் சிமிட்டாமல் இருந்தார். கண் இமையில் ஒரு முடி நரைத்திருந்தது. அதிலிருந்து தொடங்கினார்.

அப்பாண்டைராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெதுவாக நகர்ந்து வந்து கன்னியப்பன் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"கண்ணுக்குக் கீழ அந்த மடிப்பு வேணாம்பா. வயசானவ மாதிரி தெரியுது."

"இருக்கறதத்தான நயினாரே போட முடியும்?" கன்னியப்பன் தலையைத் திருப்பாமலே சொன்னார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க."

அப்பாண்டைராஜ் தள்ளி நின்றார்.